டால்ஸ்டாய் பண்ணையில் ஒரு ரமலான் மாதம்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ரொம்ப நாளா பாதியில நின்னுபோன ஒரு பதிவை இன்னிக்கு முடிச்சிடறதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, அதனால டீ, காபி ஏதாவது பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க. நோன்புல இருக்கிறவங்க நோன்பு திறந்த பிறகு படிச்சாலும் பதிவு இங்கேயேதான் இருக்கும் :-)

1912ஆம் வருஷம். தென்னாப்பிரிக்காவுல ஜோஹானஸ்பர்க் பக்கத்துல ஒரு பண்ணை. அங்க படிச்சிட்டிருந்த நாலஞ்சு முஸ்லிம் பசங்க ரமலான் நோன்பு வெச்சாங்க. அவங்களுக்குத் துணையா அதே பண்ணையில இருந்த இந்து, பார்சி, கிறிஸ்தவப் பசங்களும் பகல்ல சாப்பிடாம இருந்தாங்க. அந்தப் பண்ணையில தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இதையெல்லாம் ஏற்பாடு பண்ணின வாத்தியார் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அப்போ அவர் மகாத்மா ஆகல, வக்கீல் தொழிலை ஓரமா வெச்சுட்டுப் போராட்டத்துல இறங்கியிருந்த ஒரு நாப்பத்திரெண்டு வயசுக்காரர்.

காந்தியோட உண்ணாவிரதம்னாலே நமக்கு பூனா, கல்கத்தா, டெல்லின்னு பெரிய பெரிய அரசியல் உண்ணாவிரதங்கள்தான் ஞாபகம் வரும். அதுக்கெல்லாம் முன்னாடி சின்னப் பசங்களோட சேர்ந்து இருந்த இந்த ஒரு மாசத்தை யாரும் அதிகமா பேசறதில்ல. எனக்கென்னவோ அந்தப் பெரிய உண்ணாவிரதங்களை விட இதுல நமக்குக் கத்துக்க அதிகம் இருக்குன்னு தோணுது.

நோன்பு - நம்ம வார்த்தை

முதல்ல அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துடலாம். அரபியில 'சௌம்'. உருது பேசறவங்க 'ரோஜா'ம்பாங்க. தமிழ் முஸ்லிம்கள் மட்டும் 'நோன்பு'ன்னு சொல்றாங்க. தொழுகை, பள்ளிவாசல், பெருநாள் மாதிரி இதுவும் தமிழ் வார்த்தையாவே நின்னுடுச்சு. 'நோல்'ங்கிறது வேர். பொறுத்துக்கிறது, தவம் இருக்கிறதுன்னு அர்த்தம். பாவை நோன்புலயும் இதே வார்த்தைதான், காரடையான் நோன்புலயும் இதேதான்.

எங்க ஊர் பொதட்டூர்பேட்டை. தெரியாதவங்களுக்கு: திருத்தணிக்குப் பக்கத்துல, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிற நெசவு ஊரு. தெருவுல நடந்தா தறிச் சத்தம்தான் கேக்கும். எங்க பக்கம் விரதம்னா அது பெரும்பாலும் முருகனுக்கு. கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பாங்க. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கிட்டுத் திருத்தணி மலையோட 365 படியும் ஏறுவாங்க. அதுல வெறும் பட்டினி யாரும் கிடையாது, கூடவே ஒரு வேண்டுதல் இருக்கும். "இதை முடிச்சுக் குடு, நான் இதைச் செய்யறேன்"னு ஒரு ஒப்பந்தம்.

இஸ்லாத்துலயும் சும்மா பட்டினி கிடந்தா அது நோன்பு ஆகாது. 'நிய்யத்'னு ஒண்ணு வேணும். இன்னிக்கு நான் நோன்பு வைக்கிறேன்னு மனசுல தீர்மானம் பண்ணிக்கிறது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 624ல ரமலான் நோன்பு கடமையாச்சு. அப்போலேர்ந்தே வயித்தைக் காயப்போடறதோட சேர்த்து பொய், புறம், சண்டை எல்லாத்தையும் விடணும்ங்கிறதும் இருக்கு. அதனாலதான் நம்ம நண்பர்கள் நிறைய பேர் ரமலானுக்கு ஒரு சொந்தக் குறிக்கோளும் வெச்சுக்கிறாங்க. ஒருத்தர் குர்ஆனை முழுசா ஓதி முடிக்கணும்பார். இன்னொருத்தர் சிகரெட்டை விடணும்பார். பேச்சுவார்த்தை நின்னுபோன தம்பிகிட்ட இந்த மாசம் பேசிடணும்னு வெச்சிருந்த ஒருத்தரையும் எனக்குத் தெரியும்.

இந்தக் "குறிக்கோளோட சேர்ந்த நோன்பு"ங்கிறதை மனசுல வெச்சுக்கிட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம்.

எங்க பக்கத்து ஆளுங்க அங்க எப்படிப் போனாங்க?

1860 நவம்பர் 16. சென்னையிலேர்ந்து கிளம்பின 'ட்ரூரோ'ங்கிற கப்பல் டர்பன் போய்ச் சேந்துச்சு. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளா போன முதல் கூட்டம் அது. 1911ல இந்த முறை நிக்கிறதுக்குள்ள சுமார் 1,52,000 பேர் போயிருந்தாங்க. அதுல பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியா போனவங்க. ஆளெடுத்த முக்கியமான மாவட்டங்கள்ல ஒண்ணு வட ஆற்காடு.

இதுல எங்க ஊர் எங்க வருதுன்னா, அந்தக் காலத்துல திருத்தணிப் பகுதி வட ஆற்காடு மாவட்டத்துலதான் இருந்துச்சு. 1911ல சித்தூர் மாவட்டம்னு தனியா பிரிச்சப்போ அதுக்குப் போச்சு. அப்புறம் ம.பொ.சி. எல்லாம் போராடி 1960 ஏப்ரல்ல தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்துச்சு. எங்க வீட்டுலேர்ந்து யாராவது கப்பல் ஏறினாங்கன்னு நான் கதை விடப் போறதில்ல. ஆனா தமிழும் தெலுங்கும் கலந்து பேசற எங்க பக்கத்து ஆளுங்க அந்தக் கூட்டத்துல இருந்தாங்க. போனவங்க முருகனையும் கூடவே எடுத்துட்டுப் போனாங்க. டர்பன்ல தைப்பூசக் காவடி இன்னிக்கும் நடக்குது.

ஒப்பந்தக் கூலிகள் போன அதே காலத்துல குஜராத்லேர்ந்து முஸ்லிம் வியாபாரிகளும் சொந்தக் காசுல போனாங்க. ஆக அங்க இந்தியர்னு சொன்னா தமிழ்க் கூலி, தெலுங்குக் கூலி, குஜராத்தி முஸ்லிம் வியாபாரி, பார்சி, கிறிஸ்தவர்னு எல்லாம் சேர்ந்த ஒரு கலவை. வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு எல்லாரும் ஒண்ணுதான், எல்லாரும் 'கூலி'தான்.

1906: ஒரு சபதம்

டிரான்ஸ்வால்ல இந்தியர்கள் எல்லாரும் கைரேகை வெச்சுப் பதிவு பண்ணிக்கணும்னு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. அதை எதிர்த்து 1906 செப்டம்பர் 11ஆம் தேதி ஜோஹானஸ்பர்க்ல எம்பயர் தியேட்டர்ல ஒரு கூட்டம். சுமார் 3000 பேர். அடிபணியறதில்லன்னு ஒரு தீர்மானம் போடறதா ஏற்பாடு.

அந்தக் கூட்டத்துல ஹாஜி ஹபீப்ங்கிற முஸ்லிம் வியாபாரி எழுந்து, இது சாதாரண தீர்மானமா இருக்கக் கூடாது, இறைவனை சாட்சியா வெச்சு நிறைவேத்தணும்னு சொல்லிட்டார். காந்திக்கே இது எதிர்பாராத விஷயம். உடனே அவர் எழுந்து, சபதம்னா என்ன அர்த்தம்னு கூட்டத்துக்கு விளக்கினார். பக்கத்துல இருக்கிறவன் எடுக்கறான்னு நீயும் எடுக்காதே. மத்தவங்க எல்லாரும் விட்டுட்டுப் போனாலும் நான் ஒருத்தனா நிப்பேன்னா மட்டும் எடு. அவர் பேசினதோட சாரம் இதுதான். அதுக்கு அப்புறம்தான் எல்லாரும் கையைத் தூக்கினாங்க.

நிய்யத்துங்கிறதும் இதேதானே! ஊரே ஒரே மாசத்துல நோன்பு வைக்குது, ஆனா தீர்மானம் ஒவ்வொருத்தரும் தனித்தனியா பண்ணிக்கணும். சத்தியாக்கிரகம்னு பின்னாடி பேர் வாங்கின விஷயத்தோட முதல் நாள்ல, "இறைவன் சாட்சியா"ங்கிற பேச்சை எடுத்தது ஒரு ஹாஜியார்ங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல்.

1910: பண்ணை

போராட்டம் இழுத்துட்டே போச்சு. ஜெயிலுக்குப் போறவங்களோட குடும்பத்துக்கு யார் சோறு போடறது? கையில இருந்த காசு கரைஞ்சிட்டே வந்துச்சு. அப்போ காந்தியோட நண்பர் ஹெர்மன் காலன்பாக் உதவிக்கு வந்தார். ஜெர்மானிய யூதர், தொழில் கட்டடக் கலை. 1910 மே மாசம் 1100 ஏக்கர் நிலத்தை வாடகை இல்லாம குடுத்தார். சுமார் ஆயிரம் பழ மரங்கள். பக்கத்து ரயில் நிலையம் லாலி. ஜோஹானஸ்பர்க்குக்கு 21 மைல். டால்ஸ்டாய் பண்ணைன்னு பேர் வெச்சாங்க.

ஆரம்பத்துல இருந்தவங்க கணக்கை காந்தியே எழுதியிருக்கார். சுமார் 40 இளைஞர்கள், ரெண்டு மூணு வயசானவங்க, 5 பெண்கள், 20 முதல் 30 குழந்தைகள். குஜராத்தி, தமிழ், தெலுங்கு, வட இந்தியர்னு கலப்பு. இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் எல்லாரும் உண்டு. சமையல் மட்டும் ஒரே இடத்துல.

பொட்டி தட்டற நமக்கெல்லாம் வயித்தெரிச்சல் வர்ற மாதிரி சில விதிகள் இருந்துச்சு. சொந்த வேலையா ஜோஹானஸ்பர்க் போகணும்னா நடந்துதான் போகணும். ராத்திரி 2 மணிக்கே எழுந்து கிளம்புவாங்க. 21 மைலை ஒருத்தர் 4 மணி 18 நிமிஷத்துல நடந்ததுதான் அங்க சாதனை. நான் ஆபீஸ் லிஃப்ட் வேலை செய்யலன்னா கேன்டீனுக்கே போறதில்ல.

சாப்பாடு மூணு வேளை. காலையில 6 மணிக்கு ரொட்டியும் கோதுமையில போட்ட காபியும். 11 மணிக்கு சோறு, பருப்பு, காய். சாயங்காலம் 5:30க்கு கோதுமைக் கஞ்சியும் பாலும், இல்லன்னா ரொட்டியும் காபியும். அப்புறம் 7 மணிக்குப் பிரார்த்தனை. சில நாள் ராமாயணம் வாசிப்பாங்க, சில நாள் இஸ்லாம் பத்தின புத்தகம்.

பள்ளிக்கூடத்துல காந்தி தமிழும் சொல்லிக் குடுத்தார்! அங்கேயே பிறந்த தமிழ்ப் பசங்களுக்கு எழுத்தே தெரியாது. வாத்தியாருக்குத் தெரிஞ்ச தமிழ் கப்பல் பயணத்துலயும் ஜெயில்லயும் ஜி.யு.போப்போட தமிழ்க் கையேட்டை வெச்சுப் படிச்சது. அதைத் தாண்டி எனக்குத் தெரியாதுன்னு அவரே சொல்லியிருக்கார். உருதுவும் அதே கதைதான்.

அந்த ஒரு மாசம்

பண்ணையில இருந்த முஸ்லிம் பசங்க நாலஞ்சு பேர்தான். அவங்க தினமும் தொழறாங்களான்னு காந்தி பார்த்துக்குவார். ஒரு வருஷம் ரமலானும் இந்துக்களோட சிராவண மாசமும் ஒண்ணா வந்துச்சு. காந்தி வீட்டுல சிராவண மாசம் முழுக்க சிலர் 'பிரதோஷம்' இருப்பாங்க. நம்ம ஊர்ல பிரதோஷம்னா மாசத்துல ரெண்டு நாள், நந்திக்குப் பூஜை. அவங்க வழக்கத்துல அது சாயங்காலம் வரைக்கும் சாப்பிடாம இருக்கிறது. அந்த வருஷம் தானும் அப்படி இருக்கிறதுன்னு அவர் முடிவு பண்ணியிருந்தார்.

அதோட முஸ்லிம் பசங்களை ரமலான் நோன்பு வைக்கச் சொன்னார். மத்த பசங்களைக் கூப்பிட்டு, நீங்களும் என்கூட பிரதோஷம் இருங்கன்னு கேட்டார். ஒருத்தர் தன்னைக் கட்டுப்படுத்திக்க முயற்சி பண்ணும்போது மத்தவங்க கூட சேர்ந்துக்கிறது நல்லதுங்கிறது அவர் சொன்ன காரணம். பண்ணையில நிறைய பேர் சரின்னுட்டாங்க.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. இந்துப் பசங்களும் பார்சிப் பசங்களும் முஸ்லிம் பசங்களை அப்படியே காப்பி அடிக்கணும்னு அவர் சொல்லல. அதுக்கு அவசியமில்லன்னுட்டார். விதிகள் இப்படி இருந்துச்சு:

முஸ்லிம் பசங்க சூரியன் மறையற வரைக்கும் காத்திருந்துதான் சாப்பிடணும். மத்தவங்க அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே சாப்பிடலாம்.

விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு முஸ்லிம் பசங்க எழுந்திருப்பாங்க. மத்தவங்க எழுந்திருக்கத் தேவையில்ல.

முஸ்லிம் பசங்க பகல்ல தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. மத்தவங்க குடிக்கலாம்.

இதைப் பார்த்தா மத்தவங்களுக்கு டிஸ்கவுன்ட் குடுத்த மாதிரி இருக்கும். ஆனா அதுல ஒரு வேலையும் ஒளிஞ்சிருக்கு. முன்னாடியே சாப்பிட்டு முடிக்கிறவங்க சும்மா இருக்கல. நோன்பு திறக்கிறவங்களுக்காக ஏதாவது சமைச்சு, சூரியன் மறைஞ்சதும் பரிமாறினாங்க. ஒரு பக்கம் காத்திருக்கிறது, இன்னொரு பக்கம் காத்திருக்கிறவங்களுக்காக வேலை செய்யறது. ரெண்டும் சேர்ந்துதான் அந்த மாசம்.

எந்த வருஷம்? ஒரு சின்ன கணக்கு

வருஷத்தை காந்தி அந்த இடத்துல எழுதல. நமக்குத்தான் காலண்டர்னா கை அரிக்குமே, கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ரெண்டு காலண்டருமே நிலாவை வெச்சுதான். இந்துப் பஞ்சாங்கத்துல ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு அதிக மாசத்தைச் செருகி சூரியனோட சரி பண்ணிடுவாங்க. அதனால சிராவணம் எப்பவும் மழைக்காலத்தைச் சுத்தியே வரும். ஹிஜ்ரியில அந்தச் செருகல் கிடையாது. அதனால ரமலான் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னாடி நகரும். 2010ல ஆகஸ்ட் மாசம் ஆரம்பிச்ச ரமலான், 2026ல பிப்ரவரியில ஆரம்பம். சுமார் 33 வருஷத்துல முழுச் சுத்து. அதனால ரமலானும் சிராவணமும் ஒண்ணா வர்றது ஒரு தலைமுறையில ஒரு தடவை, ரெண்டு தடவைதான்.

பண்ணை இருந்தது 1910 நடுவுலேர்ந்து 1913 தொடக்கம் வரைக்கும். அதுக்குள்ள மூணு ரமலான் வருது. 1910ல செப்டம்பர் முதல் வாரம், 1911ல ஆகஸ்ட் கடைசி வாரம், 1912ல ஆகஸ்ட் 14 வாக்குல. குஜராத்திப் பஞ்சாங்கப்படி சிராவணத்தோட பொருந்தறது 1912 மட்டும்தான். அந்த வருஷம் ஆகஸ்ட் 12, 13 வாக்குல அமாவாசை. அதுக்கு அடுத்த பிறை ஒரு பக்கம் சிராவணத்தையும் இன்னொரு பக்கம் ரமலானையும் ஆரம்பிச்சு வைக்குது. காந்தியும் காலன்பாக்கும் பால் குடிக்கிறதை விட்டது பண்ணையில 1912லன்னு காந்தி எழுதியிருக்கார். உணவுச் சோதனைகளோட அடுத்த கட்டமாத்தான் இந்த விரதத்தைச் சொல்றார். அதுவும் ஒத்துப் போகுது.

ஆகஸ்ட்ங்கிறது அங்க குளிர்காலத்தோட கடைசி. ஜோஹானஸ்பர்க் பக்கம் சாயங்காலம் 5:50 வாக்குல சூரியன் மறையும். பண்ணையில வழக்கமான சாப்பாட்டு நேரம் 5:30. ஆக முஸ்லிம் பசங்க மத்தவங்களை விட அதிகமா காத்திருந்தது வெறும் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துலதான் மத்தவங்க பரிமாற ரெடியாகியிருக்கணும். விளக்கு ஏத்தற நேரம், வெளிய குளிரு, உள்ள அடுப்பு. நினைச்சுப் பார்க்கவே நல்லா இருக்கு.

இது வாத்தியார் எழுதின கதை

இந்த இடத்துல கொஞ்சம் நிதானிக்கணும். இதையெல்லாம் காந்தி 'சத்திய சோதனை'யில எழுதினது பதிமூணு வருஷத்துக்கும் மேல கழிச்சு. அது தொடரா வந்ததே 1925லேர்ந்து 1929 வரைக்கும். எழுதினவர் வாத்தியார். வாத்தியார் "விரும்புறவங்க சேரலாம்"னு சொன்னா எந்தப் பையன் மாட்டேன்னு சொல்லுவான்? நாமளும் பள்ளிக்கூடம் படிச்சவங்கதானே.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். பண்ணை ஆரம்பிச்சப்போ, கிறிஸ்தவங்களோ முஸ்லிம்களோ மாட்டிறைச்சி கேட்டாக்கூட குடுத்துத்தான் ஆகணும்னு காந்தி யோசிச்சிருக்கார். அப்புறம் அங்க இருந்தவங்கிட்ட பேசி, எல்லாரும் ஒத்துக்கிட்டு சைவச் சமையலறையா வெச்சாங்க. ரமலான்ல கறி இல்லாம அந்த முஸ்லிம் பசங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும், ஆனா எங்கிட்ட யாரும் சொல்லலன்னு அவரே எழுதறார். இந்தக் கணக்கையும் நாம சேர்த்துப் பார்க்கணும். இந்துப் பசங்க மதியச் சாப்பாட்டை விட்டுக் குடுத்தாங்கன்னா, முஸ்லிம் பசங்க வருஷம் முழுக்க ஒண்ணை விட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. இதுல யாரு யாருக்கு அதிகமா விட்டுக் குடுத்தாங்கன்னு தராசு வெச்சா எந்தப் பக்கம் சாயும்னு சொல்ல முடியாது.

இன்னொண்ணும் அவர் ஒத்துக்கறார். பட்டினி இருந்தா மனசு தானா அடங்கிடும்னு கிடையாது. சிலருக்கு விரதம் முடிஞ்சதும் நாக்கு இன்னும் அதிகமா கேக்குது. அடங்கணும்ங்கிற எண்ணம் மனசுல இல்லன்னா வயித்தைக் காயப்போட்டுப் பயனில்லங்கிறது அவர் கண்ட முடிவு. இஃப்தார் விருந்துல மூணு பிளேட் பிரியாணியும், ஏகாதசிக்கு மறுநாள் வடை பாயசமும் சாப்பிட்ட அனுபவம் உள்ள யாரும் இதை மறுக்க மாட்டாங்க :-)

அதுக்கு அப்புறம்

1912 அக்டோபர்ல கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார், பண்ணையிலயும் தங்கினார். 1913 தொடக்கத்துல பண்ணையை மூடிட்டு ஃபீனிக்ஸுக்குப் போயிட்டாங்க.

1913 மார்ச் 14. கேப் உச்ச நீதிமன்றத்துல நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு குடுத்தார். ஒரு முஸ்லிம் தம்பதி வழக்கு. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, அரசாங்கத்துல பதியாத திருமணம் அங்க செல்லாதுன்னு ஆகிப் போச்சு. வழக்கு முஸ்லிம் வீட்டுது, ஆனா இடி எல்லார் வீட்டுலயும் விழுந்துச்சு. இந்து, முஸ்லிம், பார்சி எல்லாப் பெண்களும் சட்டப்படி மனைவி இல்ல.

அப்போ முதல்ல கிளம்பினவங்க யாரு தெரியுமா? டால்ஸ்டாய் பண்ணையில இருந்த பெண்கள். 11 பேர். தம்பி நாயுடு மனைவி உட்பட பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கையில குழந்தை. அவங்க எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள்ள போய், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள்கிட்ட பேசினாங்க. ஒப்பந்தம் முடிஞ்ச கூலிகள் மேல போட்டிருந்த 3 பவுன் தலைவரியை ரத்து பண்ற வரைக்கும் வேலைக்குப் போகாதீங்கன்னு சொன்னாங்க. 1913 அக்டோபர்ல வேலைநிறுத்தம் ஆரம்பிச்சது. பெண்களுக்கு மூணு மாசம் ஜெயில். அந்தப் போராட்டத்துலதான் ஜோஹானஸ்பர்க் பொண்ணு வள்ளியம்மை ஜெயிலுக்குப் போய், காய்ச்சலோட வெளிய வந்து, 1914 பிப்ரவரி 22ல இறந்து போனா. வயசு 16. நாம தில்லையாடி வள்ளியம்மைன்னு சொல்றோமே, அவங்கதான்.

1914ல சட்டம் மாறிச்சு. 3 பவுன் வரி போச்சு, திருமணங்களும் செல்லும்னு ஆச்சு.

ஒரு மாச நோன்புதான் இதையெல்லாம் கொண்டு வந்துச்சுன்னு நான் சொல்ல வரல. அது ஓவர். ஆனா ஒரு முஸ்லிம் தம்பதியோட வழக்கை "எங்களுக்கென்ன"ன்னு விடாம அந்தத் தமிழ்ப் பெண்கள் ஜெயிலுக்குப் போனாங்க. ரெண்டு தரப்பும் ஒரே அடுப்புல சமைச்சு, ஒருத்தர் பட்டினியை இன்னொருத்தர் மதிச்சு வாழ்ந்த பழக்கம் அதுக்குப் பின்னாடி கொஞ்சமாவது இருந்திருக்கும்னு நான் நம்பறேன்.

நமக்கு என்ன?

இன்னிக்கு இந்தப் பேச்சு ரெண்டு மாதிரிதான் நடக்குது. ஒரு கோஷ்டி "அவங்க நோன்புக்கு நாங்க ஏன் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்"ங்குது. இன்னொரு கோஷ்டி ஒரு நாள் தொப்பி போட்டு இஃப்தார் போட்டோ எடுத்துப் போடுது. டால்ஸ்டாய் பண்ணையில இது ரெண்டுமே இல்ல. உன் விரதத்தை நீ உன் முறையில இரு, அவன் நோன்பை அவன் முறையில வைக்கட்டும், ஆனா ஒரே மாசத்துல இருங்க, ஒருத்தருக்கொருத்தர் பரிமாறுங்க. அவ்ளோதான் சூத்திரம்.

நோன்புக்குள்ளேயே அந்த நெகிழ்வு இருக்கு. நோயாளிக்கும் பயணத்துல இருக்கிறவங்களுக்கும் சலுகை உண்டு, பின்னாடி ஈடு பண்ணிக்கலாம். டர்பன்ல பிறந்த ஹாஷிம் ஆம்லா 2012 ஜூலையில ஓவல்ல 311 அடிச்சாரே, அது ரமலான் மாசம். பயணத்துல இருக்கிறதால நோன்பு வைக்கல, ஊருக்குப் போய் வெச்சுக்குவேன்னு சொன்னார். விதியும் இருக்கு, மனுஷனுக்கு இடமும் இருக்கு.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிடறேன். எங்க டீம்ல நோன்பு வைக்கிற நண்பர்கள் ரெண்டு பேர். போன ரமலான்ல வேலை நாள்ல மதியச் சாப்பாட்டை நானும் விட்டேன். தண்ணி, டீ உண்டு (பிரதோஷப் பார்ட்டி!). மிச்சமான அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஒரு குறிக்கோள் வெச்சுக்கிட்டேன். தினமும் ஊருக்கு போன் போட்டு அப்பாகிட்ட தறி சம்பந்தமா ஒரு வார்த்தை கேட்டு எழுதி வைக்கணும். பாவு, ஊடை, நாடா, அச்சுன்னு தெரிஞ்சதுல ஆரம்பிச்சு, நான் கேள்விப்படாத வார்த்தைக்கெல்லாம் போயிடுச்சு. மாசக் கடைசியில நோட்டுல 26 வார்த்தை. சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு பேரீச்சம்பழமும் தண்ணியும் எடுத்து வைக்கிறது என் டியூட்டி. அவங்க எனக்குப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி கொண்டு வந்து குடுப்பாங்க. இதுல லாபம் யாருக்குன்னு பார்த்தா சந்தேகமே இல்ல, எனக்குத்தான்.

அந்த நோட்டுல இருக்கிற வார்த்தைகளை அர்த்தத்தோட அடுத்த பதிவுல போடறேன். உங்க ஊர்லயோ ஹாஸ்டல்லயோ இப்படி வேற வேற விதியோட ஒரே மாசத்துல சேர்ந்து விரதம் இருந்த அனுபவம் யாருக்காவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ் பக்கத்துலேர்ந்து படிக்கிறவங்க யாராவது இருந்தா கண்டிப்பா சொல்லுங்க.